நூறு வோல்ட் பெட்டி

பிரபு,

இதைப் படிக்கும்போது ஆதி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். நாங்கள் இருவரும் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் தகராறு செய்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து, "சரி விடுப்பா, இப்ப எதுக்கு அது" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடுவேன். இருபத்தேழு வருடமாக ஏதாவது ஒரு சாக்கு சொல்லித்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். காகிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாய். டொராண்டோவில் யாரோ விற்ற பழைய ஜப்பான் வீடியோ கேம் பெட்டி. நீ பத்தாவது படிக்கும்போது நம் வீட்டில் இருந்த அதே மாடல். ஆதி அதில் கேசட் சொருகும் இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க வீட்ல இருந்தது என்னாச்சுப்பா?" என்று கேட்டான். "என் ப்ரெண்டு ஒருத்தன் எரிச்சிட்டான்டா. அன்வர்னு பேரு. டிரான்ஸ்பார்மரத் தப்பா மாட்டி நேரா கரன்ட் குடுத்துட்டான், லூசு" என்றாய். பையன் சிரித்தான். நீ கேமரா பக்கம் திரும்பி, "இல்லப்பா? நீங்கதான கழட்டிப் பாத்தீங்க?" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுபத்தொரு வயதில், பேரன் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சமும் கூச்சமில்லாமல் தலையாட்டினேன். அந்தப் பெட்டியை எரித்தது அன்வர் இல்லை. நான். கை தவறி நடந்ததும் இல்லை, வேண்டுமென்றேதான் செய்தேன்.

எப்படி, ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கிண்டியில் முப்பத்தோரு வருடம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருந்தவன், எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். உன் பைத்தியம் பெட்டியோடு ஆரம்பிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்ததே, ஜன்னலையெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருப்பார்கள், அங்கே ஆரம்பித்தது. டியூஷன் என்று சொல்லிவிட்டு நீயும் அன்வரும் அங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஒருநாள் ரயிலை விட்டு இறங்கியதும் உன்னைக் காதைப் பிடித்து இழுத்துவரப் போனேன். உள்ளே ஆளுயர மெஷின்கள், எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து, ஒரே கூச்சல். நீ ஒரு மெஷினில் நின்றுகொண்டிருந்தாய். எதிரே பொத்தேரி காலேஜ் பையன் ஒருவன், உன்னைவிட ஒரு முழம் உயரம். இரண்டு பேரும் உங்கள் பொம்மை ஆட்களை வைத்து ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டிருந்தீர்கள். அவனை நீ மூன்று தடவை தோற்கடித்தாய். அன்வர் உன் தோளுக்குப் பின்னால் நின்று, "கீழ குனி மச்சி, இப்ப குனி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நம் வீட்டில் நான் பார்த்ததில்லை. காதைப் பிடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். இது உனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. அடுத்த வாரம் நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் நானும் ஒரு டோக்கன் வாங்கி ஆடினேன். எந்த ஆள் நான், எந்த ஆள் எதிரி என்று புரிவதற்குள் செத்துப்போனேன். பின்னால் நின்ற பொடியன், "அங்கிள், முடிஞ்சிடுச்சி, தள்ளுங்க" என்றான்.

பெட்டி வந்தது அந்த வருடக் கோடை விடுமுறையில். கப்பலில் வேலை பார்த்த உன் சேகர் மாமா, அம்மாவின் தம்பி, ஜப்பானிலேயே வாங்கி வந்தான். அவனுக்கு மூளை அவ்வளவுதான். அது அந்த ஊருக்குச் செய்த பெட்டி. நூறு வோல்ட்டில் ஓடுவது, நம் வீட்டில் இருநூற்று முப்பது. நம் டிவியில் மாட்டினால் நிறமே வராது, படம் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். நீ என்னிடம்தான் முதலில் வந்து கேட்டாய். "நேரமில்லை, பத்தாவது பரீட்சை முடியட்டும்" என்றேன். மறுநாளே அன்வரின் அப்பா வந்துவிட்டார். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். நம் டிவியின் முதுகைத் திறந்து சின்னதாக ஒரு போர்டு வைத்தார், நிறம் வந்தது. "சார், இது நூறு வோல்ட்டு பீஸு. நம்ம கரன்ட்டுக்குத் தாங்காது. நான் ஒண்ணு சுத்தித் தரேன்" என்று சொல்லி, இரண்டே நாளில் கையாலேயே செம்புக் கம்பி சுற்றி ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து கொடுத்தார். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. எனக்கு நன்றாகவே தெரிந்த வேலை.

அதற்குப் பிறகு நீ பாய் கடையே கதியென்று கிடந்தாய். வீட்டில் இருந்தால் அன்வரும் கூடவே இருப்பான். கேசட்டை எடுத்து ஊதி ஊதிச் சொருகுவீர்கள். ஒரு கதை விளையாட்டு, ஊர் ஊராகப் போகும் ஒரு பையன், ஆறு மாதம் அதையே ஆடினீர்கள். அத்தனையும் ஜப்பான் எழுத்து. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தீர்கள். அன்வர் எழுத்தின் உருவத்தைப் பார்த்து வரைவான், நீ பக்கத்தில் அர்த்தம் எழுதுவாய். நாற்காலி எழுத்து என்றால் கடை. மீன்முள் எழுத்து வந்தால் அந்தப் பக்கம் போகாதே. கொக்கி இரண்டு சேர்ந்து வந்தால் ஆட்டத்தைச் சேமித்து வை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தப்புத் தப்பாகச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தது. நீங்கள் இல்லாதபோது அதை எடுத்து முழுக்கப் படித்தேன். பாராட்டத் தோன்றவில்லை. இதில் பாதி உழைப்பைக் கணக்கில் போட்டால் என்ன என்றுதான் தோன்றியது. அரைப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியிருந்தாய். ஆனால் மார்க்கை மட்டும் காரணமாகச் சொன்னால் அது மறுபடியும் ஒரு பொய். எனக்குப் பொறாமை. நீ அன்வரிடம் மணிக்கணக்காகப் பேசினாய். பாயிடம் சாலிடரிங் கற்றுக்கொண்டாய். நான் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அந்தப் பெட்டி ஒழிந்தால் நீ என் பக்கம் திரும்புவாய் என்று நினைத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் பூட்டினால் நீ என்னை வெறுப்பாய், தம்பி ஆசையாக வாங்கி வந்ததைப் பூட்டிவிட்டீர்கள் என்று உன் அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். காரியமும் நடக்க வேண்டும், கெட்ட பெயரும் எனக்கு வரக்கூடாது. நான் எவ்வளவு கோழை என்பது இதிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரியில் ஒரு இரண்டாவது சனிக்கிழமை, எனக்கு லீவு. அதற்கு முந்தின நாள் டிரான்ஸ்பார்மர் உர்ரென்று சத்தம் போடுகிறது என்று அன்வர் அதைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தான். சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து மாட்டினான். போட்டுப் பார்க்க நேரமில்லாமல் இருவரும் டியூஷனுக்கு ஓடினீர்கள். உன் அம்மா காலனிப் பெண்களோடு திருநீர்மலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பகல் மூன்று மணி இருக்கும். ஜப்பான் பிளக்கில் தட்டைப் பின், நம் சுவரில் உருண்டைத் துளை, இரண்டும் நேராகச் சேராது. சேர வேண்டுமென்றால் நடுவில் ஒரு மல்டி பின் வேண்டும். மாமா தன் ஷேவருக்காக வைத்திருந்த மல்டி பின் அலமாரியில் கிடந்தது. தேடி எடுத்தேன். சுவரில் சொருகினேன். பெட்டியின் அடாப்டரை டிரான்ஸ்பார்மரிலிருந்து பிடுங்கி அதில் மாட்டினேன். பெட்டியின் ஸ்விட்சையும் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் சுவர் ஸ்விட்சைப் போட்டேன், உள்ளே இருக்கும் போர்டும் சேர்ந்து போகட்டும் என்று. ஒரு முனகல், டப்பென்று ஒரு சின்னச் சத்தம், பிறகு வாசனை. அணைத்தேன். எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே டிரான்ஸ்பார்மரில் மாட்டி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டேன். தினமும் செய்கிற வேலை மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் நீங்கள் இருவரும் வந்து போட்டீர்கள். உயிர் இல்லை. நீ சமையலறை வாசலில் வந்து நின்று, "அப்பா, கொஞ்சம் பாருங்களேன்" என்றாய். அந்த வருடம் முழுவதும் நீ என்னை ஒரு உதவிக்குக் கூப்பிட்டது அது ஒன்றுதான். நான் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தே கழற்றினேன். "டைரக்டா கரன்ட் குடுத்திருக்காங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்வரைப் பார்த்து, "காலையில மாட்டினது யாரு?" என்று கேட்டேன். பொய் என்று பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஒரு கேள்விதான். அன்வர், "நான் சரியாத்தான் மாட்டுனேன் மச்சி" என்று உன்னிடம் சொன்னான். நீ, "மச்சின்னு கூப்பிடாத. உங்க அத்தா கடை வேலையே இப்படித்தான்டா. கிளாஸ்ல எல்லாரும் சொன்னானுங்க, நான்தான் கேக்கல" என்றாய். யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், கோபத்தில் உன் வாயில் வந்தது. அன்வர் திரும்பி ஓடினான். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அரை மணியில் பாயே வந்துவிட்டார், கையில் மீட்டர். அன்வர் வாசலிலேயே நின்றான். பாய் டிரான்ஸ்பார்மரைப் போட்டு அளந்தார். முள் நூறில் நின்றது. என்னிடமும் காட்டினார். பிறகு அடாப்டரை எடுத்து மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தார். எழுந்தவர் சுவரைப் பார்த்தார். மல்டி பின்னைச் சுவரிலிருந்து எடுக்க நான் மறந்திருந்தேன். தொழிற்சாலையில் எத்தனையோ பேருக்கு, வேலை முடிந்ததும் பாயின்ட்டைப் பார்த்துவிட்டு வா என்று பாடம் எடுத்தவன் நான். பாய் அதைப் பிடுங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார். "சார், இத எடுத்து உள்ள வைங்க. கொழந்தைங்க கை வெச்சிடப் போவுது" என்றார். அவ்வளவுதான். கரன்ட் வேலை தெரிந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம், அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். டிரான்ஸ்பார்மரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதன் பிறகு அன்வர் வரவில்லை. பாய் கடை இருந்த தெரு வழியாக நானும் போகவில்லை. காய்கறி வாங்க இரண்டு தெரு சுற்றிப் போனேன். நம் டிவி கெட்டபோது தூக்கிக்கொண்டு குரோம்பேட்டை வரைக்கும் போனேன், உன் அம்மா காரணம் கேட்டதற்கு அங்கே நன்றாகச் செய்கிறார்கள் என்றேன். முழுப் பரீட்சையில் கணக்கில் எண்பத்தெட்டு வாங்கினாய். ரொம்ப வருடம் அந்த எண்பத்தெட்டைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நீ என் பக்கம் திரும்பவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை. காலேஜில் உன் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று சண்டை போட்டாய். கல்யாணமான புதிதில் சுதா உன் அம்மாவிடம், "இவர் எதையும் யார் கையிலயும் குடுக்க மாட்டேங்கறார் அத்தை, மிக்ஸி ஜாரைக்கூட அவரே மாட்டினாத்தான் நம்பறார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவாக உனக்கு நான் ஒன்று சொல்லலாம் என்றால் இதுதான். ஆதியிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டுமென்று தோன்றினால் அவன் முகத்துக்கு நேராகப் பிடுங்கு. அழுவான், உன்னைத் திட்டுவான், ஒரு வாரம் பேசமாட்டான். அது உன் மேல் வரும் கோபம், உன்னோடு முடிந்துவிடும். அதை எடுத்து இன்னொருவன் தலையில் கட்டாதே.

வீடியோ காலுக்கு மறுநாள் அன்வரைத் தேடிப் போனேன். தேடவெல்லாம் வேண்டியிருக்கவில்லை, அதே கடைதான். இப்போது சிசிடிவி, இன்வெர்ட்டர் என்று போர்டு. தாடி நரைத்திருக்கிறது, உன்னைவிட வயதானவனாகத் தெரிகிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அங்கிள், உக்காருங்க, இன்னா முட்டியப் புடிச்சிகினு வரீங்க" என்றான். பாயைக் கேட்டேன். "அத்தா மௌத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு அங்கிள்" என்றான். பாய் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை நான் ரெண்டு வருஷம் தாமதமாகக் கொண்டுவந்திருந்தேன். சரி, இவனிடமாவது சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த வீடியோ கேமை எரித்தது நீ இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள், "தெரியும் அங்கிள்" என்றான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளையிடம் டீ வாங்கி வரச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கே. வூட்டுக்குப் போற வழியிலயே அத்தா சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் பண்ல, அவங்கப்பன் பண்ணதுன்னாரு. நான் உடனே அவன்கிட்ட போய்ச் சொல்றேன்னு திரும்புனேன். கையப் புடிச்சி நிறுத்திட்டாரு. ‘நீ சொன்னா அவன் நம்புவான்டா. நம்பிட்டு அதே வூட்லதான சோறு துன்னணும், அதே வூட்லதான தூங்கணும். அப்பன் மேல நம்பிக்கை போச்சின்னா புள்ள எங்கடா போவான்? உனக்கு வேற தோஸ்து கெடைப்பான். வுட்ரு’ன்னாரு. நான் ரெண்டு நாள் அழுதேன் அங்கிள். அப்புறம் வுட்டுட்டேன்." அதற்குப் பிறகும் பத்தாவது முடிகிறவரை நீங்கள் ஒரே வகுப்பில்தான் இருந்தீர்கள். அந்த மூன்று மாதமும் வகுப்பே அவனை ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று கூப்பிட்டதாம். பெயர் வைத்தது நீதானாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார், அன்வர் அவரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினான்.

கிளம்பும்போது உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "எதுக்கு அங்கிள், இப்ப போய்? அவன் நல்லா கீறான்ல, வுடுங்க" என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாளாகிறது, சாப்பாடு போடுகிறாள், பேச்சு இல்லை. அவள் செய்வது சரிதான். அன்வர் நம்பரை இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவான், மற்ற நேரம் எடுப்பான். முதலில் அவனைக் கூப்பிடு. பிறகு ஆதியை உட்காரவைத்து, அன்றைக்குச் சொன்ன கதையில் ஆளை மாற்றிச் சொல். தாத்தா என்று பெயரைச் சொல்லியே சொல், மென்று முழுங்க வேண்டாம். என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

பிள்ளை எங்கே போவான் என்று பாய் கேட்டது நியாயமான கேள்வி. அப்போது உனக்குப் பதினைந்து வயது, என்னை விட்டால் போவதற்கு வேறு இடம் கிடையாது. இப்போது உனக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் போய் நீ கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அப்பா